நடை வேகத்துக்கு ஒரு பின் விளக்கு

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தார். நம் மெக்கானிக் தொழிலுக்குப் புதியவர், திருச்சிப் பக்கம் கடை வைத்திருக்கிறார். அவரிடம் ஒரு ஹைபிரிட் கார் வந்திருக்கிறது. பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும் வகை. அதன் பின்னால் சின்ன ட்ரெய்லர் ஒன்றை மாட்டி, அதற்குப் பின் விளக்கு, பிரேக் லைட், இண்டிகேட்டர் எல்லாம் போட்டுத் தர வேண்டும். நாம் எல்லாரும் காலங்காலமாகச் செய்வதைத்தான் அவரும் செய்திருக்கிறார். காரின் பின் விளக்குக்குப் போகும் வயரைச் சுரண்டி, ட்ரெய்லர் வயரை அதோடு முறுக்கி, டேப் சுற்றிவிட்டார். கார் உடனே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது. டேஷ்போர்டு முழுக்க எச்சரிக்கை விளக்குகள். "அண்ணே, ஆயுசு பூரா வண்டி பாத்தவரு நீங்க. இதுக்கு என்ன பண்ணலாம்?" என்று கேட்டார்.

ஹைபிரிட் கார் எதையும் நான் திறந்து பார்த்ததில்லை. நான் கடையை மூடிய பிறகுதான் அவை காரைக்குடிப் பக்கம் வர ஆரம்பித்தன. ஆனாலும் அவர் கேட்டதற்குப் பதில் என்னிடம் இருந்தது. "தம்பி, கார்க்கிட்ட சேதி மட்டும் கேளுங்க. சோறு கேக்காதீங்க" என்றேன்.

அவருக்கு விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். பிரேக் மிதிக்கிறாரா, இடது பக்கம் திரும்புகிறாரா, பின் விளக்கு போட்டிருக்கிறாரா என்ற சேதியை மட்டும் கார் வயரிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். பல்பு எரிவதற்கான கரண்டை வேறு பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் போட்டுக் கொண்டுவாருங்கள். நடுவில் ஒரு ரிலே இருந்தால் போதும். அங்கிருந்து துளி கரண்டு வந்து தட்டினால் இங்கே பெரிய கரண்டைத் திறந்துவிடும் சின்னப் பெட்டி அது. அப்படிச் செய்தால் பின்னால் ஒன்று தொங்குகிறது என்பதே காருக்குத் தெரியாது. ஆரஞ்சு நிறக் கேபிள் பக்கம் மட்டும் கை போகக் கூடாது. அது ஆளை அடிக்கும்.

தம்பி அசந்துபோய், "எங்கண்ணே படிச்சீங்க?" என்றார். தொண்ணூறுகளில் ஒரு பழைய பெட்ரோல் காரும் சிகப்பி ஆச்சியும் சேர்ந்துதான் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். போனில் சொன்னால் பில் ஏறும் என்று அவரிடம் முழுக்கச் சொல்லவில்லை. உங்களுக்கு எழுதுகிறேன்.

கண்டரமாணிக்கத்துக்காரர் சிகப்பி ஆச்சி. அறுபது தாண்டியவர். வருடா வருடம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர். வீட்டுக்காரர் பெரிய காய்ச்சலில் விழுந்து பிழைத்து எழுந்த வருடம் ஆரம்பித்த நடை அது. உறவு, அக்கம்பக்கம் என்று ஒரு கூட்டமே அவரோடு நடக்கும். பூசைச் சாமான், படுக்கை, சமையல் பாத்திரம் எல்லாம் மாட்டு வண்டியில் பின்னால் வரும். அவர் என் கடைக்கு வந்ததற்கு முந்தின வருடம், விடியுமுன் ஒரு லாரி அந்த மாட்டு வண்டியின் பின்பக்கத்தில் உரசிவிட்டது. வண்டியில் தொங்கிய அரிக்கேன் விளக்கு லாரிக்காரர் கண்ணில் படவில்லை. ஆச்சியின் நாத்தனாருக்குக் கால் முறிந்தது.

சென்னையில் வங்கி வேலையில் இருந்த ஆச்சியின் மகன் நாச்சியப்பன் இனி நடையே வேண்டாம் என்றார். ஆச்சி கேட்கவில்லை. பேசிப் பேசிக் கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். மாட்டு வண்டி கிடையாது. வீட்டுக் காரை நாச்சியப்பனே ஓட்டுவார். சாமான்கள் ட்ரெய்லரில் ஏறும். அதை இழுத்துக்கொண்டு கார் கூட்டத்துக்குப் பின்னால் காவலாக வரும். ட்ரெய்லருக்குப் பளிச்சென்று பின் விளக்கு வேண்டும். ஒரு நிபந்தனையும் உண்டு. பாதி வழியில் அந்த விளக்கு அணைந்தால் ஆச்சி காரில் ஏறி ஊருக்குத் திரும்பிவிட வேண்டும், அடுத்த வருடம் நடைப் பேச்சையே எடுக்கக் கூடாது.

என் கடைக்கு வந்து இதை என் முன்னாலேயே சொன்னார் நாச்சியப்பன். "சவரிமுத்து, நீங்களே சாட்சி. லைட்டு அணைஞ்சா ஆத்தா ஏறிடணும்."

"ஏறிடுறேம்ப்பா. இவுக வேல நல்லா இருந்தா நீ என்ன பண்ணுவ?" என்றார் ஆச்சி. மகன் கார் சாவியை என் பக்கம் நீட்டினார்.

ஒருவருடைய நேர்த்திக்கடன் என் முறுக்குக் கம்பியில் தொங்கியது அதுதான் முதல் தடவை. நான் கவலைப்பட்டேனா என்றால் இல்லை. அரைநாள் வேலை என்று நினைத்தேன். காரின் பின் விளக்கு வயரிலிருந்து இழுத்து, பிளக் போட்டு, ட்ரெய்லருக்கு இரண்டு பக்கமும் சிவப்பு விளக்கு மாட்டி, நாச்சியப்பனை ரோட்டில் ஒரு சுற்று ஓட்டச் சொன்னேன். பிரமாதமாக எரிந்தது. ஆச்சி மட்டும் திருப்தியில்லாத முகத்தோடு நின்றார்.

"இவ்வளவு வேகமா ஓட்டிப் பாத்தா எப்புடி? நாங்க நடக்கப் போறோம். கோவிலூர் வரைக்கும் நடந்து போயிட்டு வருவோம். காரு எங்களுக்குப் பின்னாடி வரட்டும்."

"லைட்டு எரியுறதுக்கும் நீங்க நடக்குறதுக்கும் என்ன ஆச்சி சம்பந்தம்?" என்று சிரித்தேன்.

"அது உங்களுக்குத்தான தெரியணும். எனக்கு நடக்கத்தான் தெரியும்" என்றார்.

பொழுது சாயும் நேரத்தில் கிளம்பினோம். ஆச்சி முன்னால், நான் பக்கத்தில், கார் பின்னால் உறுமிக்கொண்டே. கோவிலூர் போய்ச் சேரும்வரை ஒரு குறையும் இல்லை. திரும்பும்போது சிவப்பு விளக்கு மங்கத் தொடங்கியது. ஊருக்குள் நுழையும்போது ஊதுபத்தி முனை அளவுக்குத்தான் கனன்றது. கடை வாசலில் கார் நின்றது நின்றதுதான், மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை.

பழைய காரின் டைனமோ, எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும். நடை வேகத்தில் உருளும்போது அது சும்மா சுற்றும். முன் விளக்கும் பின் விளக்கும் ட்ரெய்லர் விளக்கும் சேர்ந்து பேட்டரியை உறிஞ்சிக் குடித்துவிடும். எனக்கு இது தெரியாததல்ல. ஆனால் கடையில் நின்று வேலை செய்கிறவனுக்கு வண்டி என்றால் ஓடுவது என்றுதான் புத்தியில் இருக்கும். பழனிப் பாதையில் அது ஊர்ந்து போகப் போகிறது என்பதை ஆச்சியின் கால்தான் சொன்னது. வாடிக்கையாளர் அசட்டுத்தனமாக எதையோ கேட்கிறார் என்று தோன்றும்போதெல்லாம் எனக்குக் கோவிலூர் ரோடு ஞாபகம் வரும். அந்த அம்மாளுக்கு நான் பட்டிருக்கும் கடனில் இது முதலாவது.

பிறகு நிதானமாக யோசித்தேன். ட்ரெய்லருக்குள்ளேயே ஒரு பெரிய லாரி பேட்டரியை மரப்பெட்டியில் வைத்துக் கட்டினேன். அதிலிருந்து ட்ரெய்லர் விளக்குக்குக் கரண்டு. காரிலிருந்து ரிலே வழியாகச் சேதி மட்டும். தினமும் தங்குகிற ஊரில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். மறுபடி கோவிலூர் வரை நடந்தோம். மங்கவே இல்லை. நாச்சியப்பன்கூடக் குனிந்து பெட்டியைப் பார்த்துவிட்டு, "பரவால்லையே" என்றார். வங்கிக்காரர் வாயிலிருந்து அந்த அளவுக்கு வந்ததே பெரிது.

ஆச்சி என்னையும் கூட வரச் சொன்னார். எங்கள் வீட்டில் மாதா கோயிலின் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கே என்னைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பழனிக்கு நடக்கப் போகிறேன் என்றதும் என் மனைவி சிரித்த சிரிப்பு பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது. ஆனால் தடுக்கவில்லை. துண்டும் மாற்று வேட்டியும் எடுத்து வைத்து, "வேலையப் பாருங்க, சண்டை போடாதீங்க" என்று அனுப்பினாள்.

சிங்கம்புணரி தாண்டிய பிறகுதான் சோதனை வந்தது. வெயிலுக்கு முன்னால் நடந்துவிட வேண்டும் என்று விடியுமுன்பே கிளம்பியிருந்தோம். தை மாதப் பனி ரோட்டை மூடிக் கிடந்தது. கூட்டம் முன்னால். எல்லாருக்கும் கடைசியாக ஆச்சியும் மெதுவாக நடக்கும் சிலரும். அவர்களுக்குப் பின்னால் கார், அதன் வாலில் ட்ரெய்லர். ஒரு வளைவில் ஏறும்போது காரின் முன்பக்கத்திலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. நடை வேகத்தில் ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்காமல் தண்ணீர் கொதித்துவிட்டது. எஞ்சின் நின்றது. ரோட்டின் நடுவே, வளைவுக்குள்ளே.

நாச்சியப்பன் பதறிப்போய் ஸ்டார்ட்டரைப் போட்டார். அவர் சாவியைத் திருகும்போதெல்லாம் ட்ரெய்லரின் சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. காரணம் எனக்குச் சட்டென்று புரிந்தது. ஸ்டார்ட்டர் கார் பேட்டரியை இழுக்கிற இழுப்பில் ரிலேயைத் தட்டுவதற்குக்கூட கரண்டு மிஞ்சவில்லை. ட்ரெய்லருக்குள் நிறைந்த பேட்டரி இருக்கிறது. எரியச் சொல்லிச் சேதி வராததால் அது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

"சார், சாவியத் தொடாதீங்க. லைட்டு அணையுது" என்று கத்தினேன்.

"ஒரே ஒரு தடவ சவரிமுத்து. இப்ப எடுத்துரும்" என்று மறுபடியும் திருகினார். விளக்கு அணைந்தது. இந்தத் தடவை திரும்பி எரியவே இல்லை.

அதைவிட மோசமான ஒன்றும் அதே நேரத்தில் நடந்தது. வண்டி நின்றுவிட்டது என்று தெரிந்ததும் முன்னால் நடந்தவர்கள் உதவிக்குத் திரும்பி வந்துவிட்டார்கள். நம் ஜனங்களின் குணம் உங்களுக்குத் தெரியும். யாரும் கேட்காமலேயே தள்ள வந்துவிடுவார்கள். ஆணும் பெண்ணுமாக ட்ரெய்லருக்குப் பின்னால் கூடி, முதுகை ரோட்டுக்குக் காட்டிக்கொண்டு, கையை வைத்துவிட்டார்கள். ஆச்சியும் அதில் ஒருவர். பனிக்குள் எங்கேயோ தூரத்தில் லாரிச் சத்தம் கேட்டது.

தம்பிகளே, அந்த நேரத்தில் மனது மூன்று பக்கம் ஓடும். காரை எடுக்க வைப்பது ஒன்று. நம் தொழிலே அதுதானே, கை தானாக பானெட் பக்கம் போகும். வண்டிச் சொந்தக்காரர் சொல்லைக் கேட்பது இன்னொன்று. நான் பார்த்துப் பார்த்துச் செய்த வயரிங்கைக் கெடுக்கக் கூடாது என்ற ஆசை மூன்றாவது. அது அழகான வேலை, இன்றைக்கும் அதில் குறை சொல்ல விடமாட்டேன். மூன்றையும் விட்டேன். பின்னால் வருகிறவன் கண்ணுக்கு நாம் தெரிய வேண்டும். அன்றைக்கு வேறு எந்த வேலையும் அதற்கு அப்புறம்தான்.

"யாரும் தள்ளாதீக. எல்லாரும் இடது பக்கம் எறங்குங்க. பள்ளத்துல நின்னாலும் பரவால்ல" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே ட்ரெய்லருக்குள் ஏறினேன். பாத்திரங்கள் உருண்டன. பெட்டியைத் திறந்து, கட்டிங் பிளேயரால் விளக்குக்குப் போகும் வயரை ரிலேயிலிருந்து வெட்டினேன். பல்லால் தோலை உரித்து, நேராக பேட்டரி முனையில் சுற்றினேன். ஃபியூஸும் இல்லை, டேப்பும் இல்லை. நீங்கள் யாராவது அப்படிச் செய்தால் நான் கையில் அடிப்பேன். விளக்கு இரண்டும் எரிந்தன.

நாச்சியப்பன் காரிலிருந்து இறங்கி ஓடி வந்தார். "என்ன பண்றீக? வயர ஏன் வெட்டுறீக?"

"காரு எப்ப வேணும்னாலும் எடுக்கட்டும் சார். லைட்டு இப்ப எரியணும்."

நான் சொல்லி முடிப்பதற்குள் வளைவில் லாரி வந்துவிட்டது. பிரேக் போட்ட சத்தம் நீளமாகக் கேட்டது. எங்களுக்கு நல்ல தூரத்திலேயே நின்றது. லாரியிலிருந்து டிரைவர் இறங்கி நடந்து வந்தார். நாமக்கல் பக்கத்துப் பேச்சு.

"ரெண்டு செவப்பு தெரிஞ்சுதுங்க. ஏதோ லாரி போகுதாட்டன்னு மெதுவா வந்தேன். கிட்ட வந்து பாத்தா மனுசங்க நிக்கறாங்க" என்றார். பள்ளத்தில் நின்றிருந்த பெண்களைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவரும் சேர்ந்து கை கொடுத்துக் காரை ரோட்டோரம் தள்ளினோம். நாச்சியப்பன் தாயிடம் போய், "லைட்டு அணைஞ்சிருச்சு ஆத்தா. பேச்சு பேச்சுதான். ஏறுங்க" என்றார்.

"எதுலப்பா ஏற? இதுலயா?" என்று ஆவி விட்டுக்கொண்டிருந்த காரைக் காட்டினார் ஆச்சி. அந்தப் பயத்திலும் யாரோ சிரித்துவிட்டார்கள். நாச்சியப்பனுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டார்.

ஸ்டார்ட்டர் போட்டுப் போட்டே கார் பேட்டரி செத்திருந்தது, இனி எடுக்காது. வளைவில் நிற்க முடியாது. அடுத்த தங்கல் அதிக தூரமில்லை. காரைக் கழற்றிவிட்டால் ட்ரெய்லர் லேசான வண்டிதான். எடை குறைய, அதில் ஏற்றியிருந்த தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்தோம். முன்பக்கக் கொக்கியில் கயிறு கட்டினோம். காருக்குக் காவலாக ஆச்சியின் உறவுக்காரர் ஒருவரை நிறுத்தினோம். கயிற்றை யார் பிடிப்பது என்ற கேள்வி வந்தபோது நாச்சியப்பன் செருப்பைக் கழற்றிக் காருக்குள் போட்டார். பூசைச் சாமான் ஏறிய வண்டியைச் செருப்புக் காலோடு இழுப்பதில்லை என்பது அவர் வீட்டு வழக்கம். அதை யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றைத் தோளில் போட்டார். இன்னும் இரண்டு பேர் கூடப் பிடித்தார்கள். நான் பின்னால் நடந்து, பேட்டரி முனையில் சுற்றிய வயர் கழன்றுவிடாமல் பார்த்துக்கொண்டே வந்தேன்.

லாரிக்காரர் எங்களைத் தாண்டிப் போயிருக்கலாம். ரோடு காலியாகத்தான் கிடந்தது. "நீங்க போங்க. விடியற வரைக்கும் நான் பின்னாடியே வர்றேன்" என்றார். ஏற்றிய சரக்கோடு அவ்வளவு பெரிய லாரி, முன் விளக்கைத் தாழ்த்திவிட்டு, எங்கள் முதுகுக்குப் பின்னால் நடை வேகத்தில் உருண்டு வந்தது. அதுவரை வழியெல்லாம் கார் எஞ்சின் சத்தம் சாமி நினைப்பைக் கெடுக்கிறது என்று மகனைத் திட்டிக்கொண்டே வந்த ஆச்சி அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெளிச்சம் வந்ததும் லாரி எங்களைக் கடந்தது. டிரைவர் கையை வெளியே நீட்டி ஆட்டினார். அவர் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. இத்தனை வருடத்தில் ஜெபத்தில் உட்கார்ந்தால் பெயர் தெரியாத அந்த மனிதருக்கும் சேர்த்து நன்றி சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

விளக்கு அணைந்த பழியை நாச்சியப்பன் என் தலையில் போட்டிருக்கலாம். ஊருக்குப் போய், சவரிமுத்து வயரை வெட்டிவிட்டான் என்று சொல்லியிருந்தால் என் கடைக்கு யார் வருவார்கள்? அவர் அப்படிச் சொல்லவில்லை. வழியிலேயே, கயிற்றை இழுத்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு, "நான் சாவியத் திருகாம இருந்திருக்கணும். நீங்க சொன்னீக" என்றார். வண்டிச் சொந்தக்காரர் ஒருவர் மெக்கானிக்கிடம் இப்படிச் சொல்லி அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. அந்த மனிதர்மேல் எனக்கு இருந்த சிறு மனத்தாங்கல் அந்த இடத்திலேயே போய்விட்டது.

அதனால்தான் திருச்சித் தம்பியிடம் இன்னொன்றும் சொன்னேன். காரிடம் சேதி கேளுங்கள். ஆனால் கார் சேதி சொல்ல முடியாமல் போகும் நாளுக்காக ட்ரெய்லரிலேயே ஒரு சுவிட்ச் வையுங்கள். காரைக் கழற்றினாலும் பின்னால் இருப்பது எரிய வேண்டும். அன்றைக்குப் பல்லால் உரித்துச் செய்ததைக் கடையில் உட்கார்ந்து ஒழுங்காகச் செய்து கொடுத்துவிடலாம். அதன் பிறகு நான் செய்த ட்ரெய்லர் எதுவும் அந்தச் சுவிட்ச் இல்லாமல் வெளியே போனதில்லை. தேவையில்லை என்று சொன்ன வாடிக்கையாளருக்கும் வைத்தேன்.

தங்கலுக்குப் போய்ச் சேர்ந்ததும் நாச்சியப்பன் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து காலைத் தூக்கிப் பார்த்தார். சென்னைக் கால். முள்ளும் கல்லும் குத்தி உள்ளங்கால் முழுக்க ரத்தம். ஆச்சி தண்ணீர்ச் செம்போடு வந்தார். மகன் காலைத் தன் மடியில் வைத்துக் கழுவி, ஊக்கால் ஒவ்வொரு முள்ளாக எடுத்தார். நடை இந்த வருடத்தோடு முடிந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள நானும் பக்கத்தில் நின்றேன். கேட்கத் தைரியம் வரவில்லை.

ஆச்சி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சவரிமுத்து, அடுத்த வருசம் ட்ரெய்லருக்கு முன்னாடியும் ஒரு லைட்டு போட்டுருங்க. இழுக்குற புள்ள பாத பாத்துக் கால வைக்கட்டும்."

நாச்சியப்பன் மறுப்புச் சொல்லாமல் இன்னொரு காலை நீட்டினார். அடுத்த தை பிறப்பதற்கு முன்பே அந்த முன் விளக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.